சின்னத்தாவைப் புகழ்ந்த ஊர்க்காரன்

என் செல்லத் தம்பி இபுராகிம்,

உனக்கு ஸலாம். போன வெள்ளிக்கிழமை உன் மகள் மெஹருன்னிசாவுக்கு நிக்காஹ் முடிந்தது. பாலக்காட்டில் நம் தெரு முழுக்க நெய்ச்சோற்று மணம். மாப்பிள்ளை கம்பம்மெட்டு ஏலக்காய் வியாபாரியின் மகன். அதிகம் பேசுவதில்லை, பேசினால் முகம் பார்த்துப் பேசுகிறான். எனக்கே பிடித்துப் போயிற்று என்றால் பார்த்துக்கொள்.

உன் இடத்தில் வலீயாக, பெண்ணுக்குப் பொறுப்பாளியாக, உட்கார்ந்து பெண்ணைக் கொடுத்தது நான்தான். நான் பினாங்கிலிருந்து வந்து சேராமல் போயிருந்தால் அந்த உரிமை அடுத்து யாருக்குப் போயிருக்கும் தெரியுமா? நம் சின்னத்தாவுக்கு, நம்மைப் பெற்ற அத்தாவின் தம்பிக்கு. ஆமாம், அவருக்கேதான். அது நடக்க இரண்டு விரல் அளவுதான் பாக்கி இருந்தது. அந்தக் கதையை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கூட இருந்து படிப்பவர்களுக்குச் சின்னத்தாவைத் தெரிந்திருக்காது. நம் அத்தாவை அடக்கம் செய்துவிட்டு நாம் திரும்பிய அன்றே, பொதுக்கிணற்றின் கயிற்றையும் உருளையையும் “நான் வாங்கிப் போட்டதாக்கும்” என்று கழற்றிக்கொண்டு போன மனிதர் அவர். அம்மா பக்கத்து வீட்டில் கயிறு இரவல் வாங்கித் தண்ணீர் இறைத்தாள். அன்று முதல் பாலக்காட்டிலும் அதற்குக் கிழக்கேயும் அவருக்குக் கயிறு ராவுத்தர் என்றே பெயர். நீ சிரித்து மறந்துவிட்டாய். நான் மறப்பவன் இல்லை. பி.ஏ. படித்த எனக்கு உத்தியோகம் தராமல் தன் மைத்துனனுக்குக் கொடுத்த அதிகாரியையும் மறக்கவில்லை. குமுளியில் ஏலக்காய் சலித்துக்கொண்டே நான் அவரை நினைக்காத நாளில்லை. படிப்பைப் பாதியில் விட்டுக் கப்பலேறிய உன்னை மட்டும் விட்டேனா என்ன?

நீ போய்ச் சேர்ந்த சேதி கேட்டுப் பினாங்கு வந்து, உன் கடையைக் கூட்டாளியிடம் ஒப்படைத்தேன். மகளுக்கென்று நீ செய்து வைத்திருந்த அட்டிகையை வாங்கிப் பெட்டியில் வைத்தேன். உன் கபரின் மண்மேட்டில் ஒரு செடி தானாக முளைத்திருக்கிறது. பெயர் கேட்டேன், மலாயில் ஏதோ சொன்னார்கள். நீ இருந்திருந்தால் தமிழில் சொல்லியிருப்பாய்.

கடைசியாக ஊருக்கு வந்தபோது என் குமுளிக் கடையில் உட்கார்ந்து நீ சொன்னது நினைவிருக்கிறதா? “அண்ணே, கடல் தாண்டிப் போனா கத்தி காட்டறவனுக்குப் பயப்பட வேண்டாங்க. ‘ஏனுங்க’ன்னு வர்றவனுக்குத்தான் பயப்படோணும்.” நீயே ஊர்க்காரன் என்று நம்பி ஏமாந்து ஏமாந்து வந்தவன். அதனால் அதைப் புத்திமதியாக எடுத்துக்கொள்ளாமல் புலம்பலாகவே எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் நாளன்று துறைமுகத்தில் வரிசை நகரவே இல்லை. வெயில். பெட்டியின் மேல் பெயரும் ஊரும் வெள்ளைப் பெயின்ட்டில் பெரிதாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒருவன் பக்கத்தில் வந்தான்.

“ஏனுங்க, பாலக்காடுங்களா?”

பினாங்கு வந்ததிலிருந்து அந்த ‘ங்க’வைக் கேட்காத காது, தம்பி. நெஞ்சு குளிர்ந்துவிட்டது. தேநீர் வாங்கிக் கொடுத்தான். தானும் அந்தப் பக்கம்தான் என்றான்.

“ஊட்டுல பெரியவங்க ஆருங்க இருக்காங்க?”

“சின்னத்தா இருக்காரு.”

“இந்த வரிசையில நின்னா கப்பல் போயிருமுங்க. உள்ள இருக்கற கிளார்க்கு நமக்கு வேண்டியவரு. பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் குடுங்க, முத்திரை குத்திட்டு இப்ப வந்தர்றேன். நீங்க பெட்டிய உட்டு நகந்தராதீங்க, திருட்டுப் பசங்க சாஸ்தி.”

பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்பவன் திருடனாக இருப்பானா? இரண்டையும் எடுத்து நீட்டினேன். அவன் விரல் பட்டும்விட்டது. அதோடு வாயை மூடியிருந்தால் பாஸ்போர்ட் போயிருக்கும், கப்பல் போயிருக்கும், பந்தலில் வலீயின் பாயில் கயிறு ராவுத்தர் உட்கார்ந்திருப்பார். ஆனால் அவன் இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போட ஆசைப்பட்டான்.

“உங்க சின்னத்தாவ எனக்கு நல்லாத் தெரியுமுங்க. தங்கமான மனுசரு.”

என் கை தானாகப் பின்னால் வந்தது.

“அப்ப அந்தக் கெணத்துக் கயிறு விசயம் தெரியுமே?” என்று கேட்டேன்.

“தெரியாமயா? ஊருக்கே கெணறு வெட்டி, கயிறும் போட்டுக் குடுத்த புண்ணியவானாச்சுங்களே!”

சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில், அந்த இடத்தில், வயிறு குலுங்கச் சிரித்தேன். அவன் டிக்கெட்டின் மூலையைப் பிடித்து இழுக்க, நான் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு கத்தினேன்: “புடிங்க இவன! கயிறு ராவுத்தரத் தங்கம்னு சொல்றான்!”

சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வரிசையின் பின்னாலிருந்து மட்டும் ஒரு குரல் வந்தது. “ஆரு, அந்தக் கயிறு ராவுத்தனையா தங்கம்னான்? எவண்டா அவன்?” குரலுக்குரிய ஆள் முண்டாசைச் சரிசெய்துகொண்டு வந்தார். தேநீர் வாங்கிக் கொடுத்தவன் டிக்கெட்டை விட்டுவிட்டுக் கூட்டத்தில் கரைந்துவிட்டான்.

பினாங்கில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பழனிச்சாமி அவர். “எங்கப்பனுக்கு மாட்ட வித்துப்போட்டு, கவுறு என்னுதுன்னு அவுத்துட்டுப் போயிட்டாருங்க அந்த மனுசன். மாடு அவரு பொறத்தாலயே நடந்து அவரூட்டுக்கே போயிருச்சு!” என்றார். அந்த வசவைக் கேட்டதும் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊர்க்காரன் என்றால் இவர்தான்.

கப்பலில் ஒருவர் தூங்கினால் மற்றவர் இரண்டு பெட்டிகளையும் பார்த்துக்கொண்டோம். நாகப்பட்டினம் வரும்வரை சின்னத்தாவைத் திட்டினோம். சரக்கு தீரவில்லை. ரயில் வாளையாறு தாண்டி நம் காற்று முகத்தில் அடித்தபோதும் பாக்கி இருந்தது.

இப்போது மலாயாவுக்கும் கொழும்புக்கும் போகிறவர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். பாஸ்போர்ட்டைச் சொந்த மச்சானிடம்கூடக் கொடுக்காதே, பெட்டியின் மேல் ஊர்ப் பெயரை எழுதாதே என்கிறேன். ஊர்க்காரன் என்று எவனாவது வந்தால் ஊரில் உள்ள பொல்லாதவர்களைப் பற்றி அவனிடம் கேள் என்கிறேன். நல்லதை மட்டும் தெரிந்தவன் அந்த ஊரில் தண்ணீர் குடித்திருக்க மாட்டான்.

நிக்காஹ் அன்று சின்னத்தா முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டார். இருப்பதில் பெரிய இறைச்சித் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.

“என்னடா காதரு, இத்தன வருசமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவே. இன்னிக்கு என்ன வந்துச்சு?”

“பினாங்குல உங்க பேர வச்சுத்தான் தப்பிச்சேன், சின்னத்தா.”

இதில் ஒரு சொல் பொய் உண்டா? விருந்துக்கு வந்திருந்த பழனிச்சாமிக்குப் புரையேறி, தலையில் தட்ட வேண்டியதாயிற்று. வாளையாறு தாண்டாத சின்னத்தா அன்றிலிருந்து, “மலாயாவுல ஏதாச்சும் இடஞ்சலுன்னா எம்பேரச் சொல்லுங்கடா” என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

புறப்படும்போது உன் மகள் அட்டிகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “பெரியத்தா, அத்தா இருந்திருந்தா இன்னிக்கு அழுதிருப்பாரா, சிரிச்சிருப்பாரா?”

“கயிறு ராவுத்தர அந்தப் பாயில பாத்திருந்தா அழுதிருப்பான். என்னப் பாத்தா சிரிச்சிருப்பான்.”

சிரித்துக்கொண்டே வண்டி ஏறினாள். நீயும் சிரித்தாய்தானே?

சின்னத்தாவை மன்னித்துவிட்டேனா என்று கேட்பாய். இல்லை. இறைச்சித் துண்டு வேறு, கயிறு வேறு. உன்மேலும் ஒன்று இருக்கிறது. மகள் நிக்காஹுக்குக் கட்டாயம் வருவேன் என்று குமுளிக் கடையில் என் கையில் அடித்துச் சொல்லிவிட்டு வராமல் இருந்துவிட்டாய். அந்தக் கோபத்தை, எவன் வந்து எவ்வளவு இனிக்கப் பேசிக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். மடியில் பத்திரமாக வைத்திருந்து, நீ இருக்கும் இடத்துக்கு நான் வரும்போது உன் கையில்தான் தருவேன். அதுவரை மெஹருன்னிசாவுக்கு அத்தா வீடு இல்லாமல் போகாது.

உன்னோடு ஒரே கிணற்றில் தண்ணீர் குடித்த அண்ணன்,
காதர் மைதீன்
குமுளி