கடலிலிருந்து தெரியும் நிறம்

அண்ணை,

சவர்க்காரம் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவியும் கையிலிருந்து செவ்வந்தி இலையின் மணம் போகவில்லை. பேனையிலும் அதே மணம். அம்மா பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். வெளிச்சம் தெரியாதபடி விளக்கின் திரியைத் தாழ்த்திவிட்டு எழுதுகிறேன்.

உங்கள் தோட்டத்தை இன்றைக்கு நான்தான் பிடுங்கினேன்.

முதலில் நான் மல்லிகைதான் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். "வெள்ளை வேண்டாமடி. வள்ளத்திலை இருந்து பார்த்தால் மணலும் பூவும் ஒண்டாத்தான் கிடக்கும். தூர வரேக்கையே எங்கட வீட்டு வளவு எண்டு தெரியோணும்."

ஊரெல்லாம் கேட்டு வாங்கிய பூக்களை வேலியில் வரிசையாகச் செருகச் சொல்லிவிட்டு வள்ளத்தில் ஏறிப் போனீர்கள். நான் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட, தெரிந்த பூவுக்குத் துடுப்பை உயர்த்தினீர்கள். கடுஞ்சிவப்புக்குத் துடுப்பு எழவில்லை. "அது கறுப்பாத் தெரியுது, காகம் குந்தியிருக்கிற மாதிரி" என்றீர்கள் கரைக்கு வந்து. இளஞ்சிவப்புச் செவ்வரத்தைப் பூவும் தோற்றது. பளிச்சென்ற சிவப்புச் செவ்வரத்தையும் செம்மஞ்சள் செவ்வந்தியும்தான் வென்றன; அவற்றையே நட்டோம். கடல் பக்க வேலியையும் தாழ வெட்டினீர்கள். எங்கள் கிணறு உவர் என்பதால் கோயிலடிக் கிணற்றிலிருந்து நான் நல்ல தண்ணீர் சுமந்தேன். பின்னேரங்களில் வள்ளத்திலிருந்து துடுப்பு உயரும். நான் கை காட்டுவேன்.

பிறகு ஒரு நாள் வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது.

நாளைக்குத் தேவாலயத்தில் உங்கள் முப்பத்தோராம் நாள் பூசை. இன்று காலை வந்த பெரியம்மா படலை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னடி இது, செத்த வீடோ கலியாண வீடோ? சனம் பார்த்தால் என்ன சொல்லும்?"

அம்மா கறுப்புச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "பிடுங்கி எறி, பிள்ளை."

"ஏன் இந்த நிறமெல்லாம் வைச்சனீங்கள்?" என்று பெரியம்மா என்னைக் கேட்டார்.

"சும்மா, விளையாட்டுக்கு" என்றேன்.

அம்மா இப்போதுதான் கரையில் போய் நிற்பதை விட்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் மறுபடியும் போய் நிற்பார் என்று பயந்து மறைத்ததாக எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய், அண்ணை. பெரியம்மாவின் வாய்க்குத்தான் பயந்தேன். அவருக்கு முன்னால் நல்ல பிள்ளையாக நிற்க, செவ்வரத்தையை வேரோடு இழுத்தேன். அது இலேசில் வரவில்லை. காலை ஊன்றி இழுத்தேன். பெரியம்மா, "கெட்டிக்காரி" என்றார். அந்தச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் முகம் கொதிக்கிறது.

காய்ந்த செவ்வந்தித் தலைகள் சிலவற்றைப் பாவாடை மடிப்பில் ஒளித்துவிட்டேன். விடியுமுன் அவற்றை உதிர்த்து வேலிக்கு வெளியே, கடல் பக்கமாகத் தூவுவேன். அது யாருடைய வீட்டு வாசலும் இல்லை. யாராவது கண்டு கேட்டால் இந்த முறை விளையாட்டு என்று சொல்லமாட்டேன்.

ஆனால் அவை முளைத்துப் பூக்கும்வரை கரை வெறும் மணல்தான், அண்ணை. வேலி தாழ்ந்திருக்கும் இடம் பார்த்து வாருங்கள்.