நிழல் விழுந்த பக்கம்

சிட்டும்மா,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் எழும்பி நடந்து என் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன், மழை இருட்டினால் மட்டும் முழங்கால் நோகிறது. நீயும் மருமகனும் பிள்ளைகளும் அந்த மெல்பன் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கத் தொழுகைக்குத் தொழுகை துஆக் கேட்கிறேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் வாப்பாவின் கதை வந்தால் நீ அழுகிறாய், பிறகு நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்ற வேண்டியிருக்கிறது. மருமகனின் கூட்டாளி அடுத்த கிழமை அங்கே திரும்புகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், நான் எவ்வளவு படித்தவள் என்று உனக்குத் தெரியும்தானே.

வெள்ளம் நின்ற கறை குசினிச் சுவரில் இன்னும் இருக்கிறது, அலுமாரிக் கதவு ஊதிப்போய் மூட ஏலாது. வாப்பாவை அடக்கிய மையவாடியை மண் போட்டு உயர்த்தப் போகிறார்களாம், அடுத்த மழைக்கு மறுபடி தண்ணீர் ஏறக்கூடாது என்று. நோன்புக்கு முன் மண் வருகிறது. அதற்குள் அவரவர் தங்கள் ஆட்களின் கபுறைக் காட்டினால் மேலே ஒரு கல் வைப்பார்களாம், காட்டாவிட்டால் பிறகு இடம் தெரியாது. வாப்பாவின் கபுறைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நட்டு வெள்ளம் பிடுங்கிப்போட்ட மீசான் பலகைகளை, தம்பி என்ற உரிமையில் ஜவ்பர் சாச்சாதான் திரும்ப நட்டார், படம் எடுத்து உனக்கும் அனுப்பினார், அதைப் பார்த்துத்தான் நீ வெள்ளிக்கிழமை யாசீன் ஓதுகிறாய். நான் உள்ளே போனது இல்லை. அடக்கிய அன்றைக்கு வெளியே இறங்காமல் வீட்டில் இத்தாவில் இருந்தேன், பிறகும் நமது பெண்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை. வேப்பமரத்துக்கும் ரோட்டு மதிலுக்கும் இடையில் என்று சாச்சா சொன்னதால், சந்தைக்குப் போகும்போது அந்த மதில் வந்தால் மெதுவாக நடப்பேன், மனதுக்குள் ஸலாம் சொல்வேன். பார்க்கிறவர்கள் முழங்கால் நோவு என்று நினைக்கிறார்கள்.

இப்போது சாச்சாவின் மகள் றிப்காவின் கதைக்கு வருகிறேன். அவளுக்குப் படிப்பிப்பது நீ போன பிறகு பள்ளிக்கூடத்தில் உன் இடத்துக்கு வந்த பஸ்மியா டீச்சர். நீ செய்தது போலவே அவவும் பிள்ளைகளைத் தேடிப் பார்க்கப் பழக்குகிறா, ஒரு படி முடியாமல் அடுத்த படிக்கு விடமாட்டாவாம். எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லாத ஒரு கேள்வியை வீட்டில் இருந்து கொண்டு வரச் சொன்னாவாம். றிப்கா, வெள்ளத்தால் மையவாடிக்கு என்ன நடந்தது என்று கொண்டு போனாள். இது ஊரே சேர்ந்து தேடக் காணும், நீ ஒரு ஆள், சின்னதாக்கிக்கொண்டு வா என்று டீச்சர் திருப்பி அனுப்பினாவாம். பெரியவாப்பாவின் கபுறு எது என்று சின்னதாக்கினாள். சாச்சா சிரித்தார், அதை என்னட்டக் கேட்டா முடிஞ்சுது, இதுக்கும் ஒரு படிப்பா என்று.

ஆட்களைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பது டீச்சரின் சொல். தன் வாப்பாவையும், உன் வாப்பாவோடு துறைமுகத்தில் வேலை செய்த அபூதாஹிர் நானாவையும், பள்ளிவாசல் மோதினாரையும் கேட்டாள். மூன்று பேரும் மதில் பக்கம் என்றார்கள். முடிந்தது என்று நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். மூணு பேர் சொல்றாங்க சரி, மூணு பேருக்கும் எப்படித் தெரியும் எண்டு கேட்டியா என்று டீச்சர் திருப்பிவிட்டாவாம். ஷிஃபானா ராத்தா அவுஸ்திரேலியாவுக்குப் போயும் எங்கள விடுறா இல்ல பெரியம்மா, இதெல்லாம் அவட வேல என்று உன்னைத் திட்டினாள். நான் சிரித்தேன். வாப்பா போன பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

திரும்பவும் போனாள். அதுதான் பலகை நிக்குதே மகள் என்றார் அபூதாஹிர் நானா. மோதினார் வெள்ளத்துக்குப் பிறகு ஊருக்கு வந்தவர், ஜவ்பர் காட்டியதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். டீச்சர் கரும்பலகையில் யாருக்கு யாரால் தெரியும் என்று மூன்று பேருக்கும் கோடு இழுக்கச் சொன்னாவாம், எல்லாக் கோடும் சாச்சாவில் போய் முட்டியது. பிறகு றிப்கா என் வீட்டு முற்றத்தில் வைத்துத்தான் சாச்சாவைக் கேட்டாள், நான் பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். ஏன்டி, வாப்பாட வாயில நம்பிக்கை இல்லையா, நீ என்ன பொலிஸா என்று அவர் பாய்ந்தார். நம்பிக்கை இருக்கு வாப்பா, எப்படித் தெரியும் எண்டுதான் கேக்கிறன் என்றாள், பயப்படவில்லை. தண்ணி வத்தின அடுத்த நாள் காலையில சுபஹு தொழுதுட்டு, வெயில் வந்த கையோட போனனான், எல்லாம் ஒரே சேறு, மரம் மட்டும்தான் அடையாளம், அடக்கேக்க அந்த மரத்துட நிழல்ல நிண்டுதான் என்ட நானாவுக்கு மண் போட்டனான், அதால நிழல் விழுந்த பக்கத்தில நட்டன் என்றார். றிப்கா எழுதி முடித்துவிட்டு, அடக்கினது எத்தனை மணிக்கு வாப்பா என்றாள். பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு என்று சொன்னவர் குனிந்து தன் காலடி நிழலைப் பார்த்தார். உடுப்புக் காயப்போடுகிற எனக்கும் தெரியும், காலை நிழலும் அஸர் நிழலும் ஒரு பக்கம் விழாது.

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு இரண்டு பேரும் மையவாடிக்குப் போனார்கள், றிப்கா வாசல் படலைக்கு வெளியே நின்றாள். நிழல் மதிலுக்கு மறுபக்கம், களப்புத் தண்ணீர்ப் பக்கம் விழுந்து கிடந்ததாம். அங்கே பலகை இல்லாத மேடுகள் பக்கத்துப் பக்கத்தில், எல்லாம் ஒன்று போல, மேலே புல். சாச்சா அதில் கனநேரம் குந்தியிருந்தாராம். வந்து தேத்தண்ணி குடிக்கவில்லை. மதினி, இவ்வளவு நாளும் நான் வேற ஆருக்கோ ஸலாம் சொல்லியிருக்கன், நானா அங்கால கிடந்து கேட்டுக்கொண்டு இருந்திருப்பார் என்றார். ஆருக்குச் சொன்னாலும் ஸலாம் ஸலாம்தான், ஆறமுதல் குடியுங்கோ என்றேன். பலகைகளை அவரே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார், இப்போது என் கதவுக்குப் பின்னால் சாத்தி இருக்கிறது. மதில் பக்கத்தில் கல் வைக்க வேண்டாம் என்று பள்ளிவாசலுக்கும் சொல்லி அனுப்பினேன். அங்கே கிடப்பவருக்கும் ஆட்கள் இருப்பார்கள்தானே.

கண்டுபிடித்ததை எழுதியது போல, கண்டுபிடிக்காததையும் எழுத வேண்டுமாம், அதுதான் கடைசிப் படியாம். மதில் பக்கமாக இருக்காது, களப்புப் பக்கம் எந்த மேடு என்று தெரியாது என்று றிப்கா எழுதினாள். நல்லது என்று சொல்லிவிட்டு, கேட்காத ஆள் இன்னும் ஒருவர் இருக்கிறார் என்றாவாம் டீச்சர். அது நீ. அடக்கிய அன்றைக்கு நீ அங்கே இருந்து பார்க்க வேண்டும் என்று அபூதாஹிர் நானா போனைப் பிடித்துக்கொண்டு நின்றாரே. அவர் இடத்தைப் பார்க்கவில்லையாம், மகளுக்குத் தெரியுதா எண்டு போனத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான் என்கிறார். உன்னைக் கேட்க றிப்காவுக்கு வெட்கம், சாச்சாவுக்கு வாய் வரவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். கல் வைக்கப் பள்ளிவாசல்காரர்கள் மண் வரும் வரைக்கும் என் சொல்லுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சந்தைக்குப் போகும்போது எந்த இடத்தில் மெதுவாக நடப்பது என்று இப்போது தெரியவில்லை, மதில் தொடங்கி முடியும் வரைக்கும் மெதுவாகவே நடக்கிறேன்.

பிள்ளைகளுக்குத் தலை முழுகினால் உடனே துவட்டிவிடு, ஈரத்தோடு விடாதே. மருமகனுக்கு என் ஸலாம். போனில் இருக்கும் அந்தப் படத்தை அழிக்க வேண்டாம், யாருடைய கபுறாக இருந்தாலும் ஓதியது போய்ச் சேரும். அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
கிண்ணியாவில் இருந்து உன் உம்மா,
நபீஸா

அன்றைக்குப் போனில் உன் முகம் தெரியவில்லை, உன் வீட்டுக் கூரைதான் தெரிந்தது, லைன் பிழையாக்கும் எண்டு நினைச்சன் என்று அபூதாஹிர் நானா இப்போதுதான் சொன்னார். நீ போனை மேசையில் போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும், நானும் அந்த நேரம் அப்படித்தான் இருந்தேன். என்றாலும் டீச்சர் சொன்னபடி கேட்க வேண்டும், கேட்கிறேன். மரத்துக்குக் கிட்டவா, தண்ணீருக்குக் கிட்டவா, வாப்பாவை எதில் வைத்தார்கள் மகள்?