வெள்ளிப் பேனாவில் வரைந்த முடிவு

அன்புள்ள பிரிசில்லாவுக்கு,

கர்த்தர் கிருபையில் நலமாக இருப்பாய். முழங்கால் வலி குறைந்ததா? நாகர்கோவிலில் மழை எப்படி?

எங்கள் தோல் கம்பெனியில் எனக்கு வரவேண்டிய மேனேஜர் பதவியைப் பெற்ற இன்பசேகரனோடு மூன்று வருடமாக நான் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். போன ஞாயிறு ஆம்பூர் நூலகத்தில் கூடும் எங்கள் வாசகர் கூட்டத்துக்கு அவரும் வந்துவிட்டார். நான் பழைய புத்தகக் கடையில் வாங்கிய துப்பறியும் காமிக்ஸில் கடைசி இரண்டு பக்கம் இல்லை என்றேன். மற்ற யாருக்கும் முடிவு தெரியவில்லை.

இன்பசேகரன் தன் பையிலிருந்து ஒரு கறுப்புத் தோல்துண்டை எடுத்தார். கம்பெனியில் தோலில் குறியிடும் வெள்ளிப் பேனாவால் அந்த இரண்டு பக்கத்தின் பன்னிரண்டு கட்டங்களையும் வசனத்தோடு வரைந்து காட்டினார். கப்பல் மூழ்கும்போது நாய் எந்தப் பக்கம் நின்றது என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது.

"இன்னா சார், என்னாண்ட கேட்டிருந்தா புக்கே குடுத்திருப்பேனே," என்றார்.

"கேக்க மனசு வரல."

"அது தெரியும் சார்," என்று சிரித்தார்.

அந்தப் பதவி எனக்குரியதுதான். அதை மறக்க மாட்டேன். ஆனால் இப்படிப் படிக்கிற மனிதரை இனி எப்படி வெறுப்பது?

வரும் ஞாயிறு மதியம் அவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருக்கிறேன். இரண்டு பேருக்கு எத்தனை டம்ளர் அரிசி போட வேண்டும்? உடனே எழுது. ஷிஃப்டுக்கு நேரமாகிறது.

உன் அண்ணன்,
ஜெயசீலன்