பத்தில் ஒன்பது நாள்

1931 மார்ச் 3, செவ்வாய்
கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாகி ஆறு மாதம். இன்னும் தற்காலிகம்தான். ஆனாலும் வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் துரையின் பேச்சைக் கேட்கவே சாந்தோமிலிருந்து தினமும் நடக்கலாம். நேற்று ‘மோர் ஆஃப்டன் தேன் நாட்’ என்றார். இன்று ‘ஆஸ் எ ரூல்’. எல்லாம் ‘பெரும்பாலும்’தான், ஆனால் என்ன நயம்! எதையும் அடித்துச் சொல்வதில்லை. நம்மவர்களுக்கு எதற்கெடுத்தாலும் ‘எப்பவும்’, இல்லையென்றால் ‘ஒருக்காலும்’.

மார்ச் 9, திங்கள்
மாம்பலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை சைக்கிள் திருடியதாக வழக்கு. கூண்டில் புத்தக பைண்டர் குலாம் முகம்மது. வக்கீல் வைக்க வசதியில்லை. பக்கத்து வீட்டு ஹாஜிரா பீ அவனுக்காகச் சாட்சி சொன்னாள்.

“வெளக்கு வெக்கிற நேரத்துக்கு பத்துல ஒம்போது நாளு வூட்டுக்கு வந்துடுவான், துரை. அந்த வெள்ளிக்கெயமையும் வந்தான். நான்தான் டீ குடுத்தேன்.”

அவசரத்தில் ‘ஆல்வேஸ்’ என்று சொல்லித் தொலைத்தேன்.

சர்க்கார் வக்கீல் ரகுபதி பிடித்துக்கொண்டார். அதே வாரம் புதன்கிழமை அந்நேரத்தில் குலாம் அடையாற்றில் இருந்தானாம். “எப்பவும் வருவான்னியே, பொய்தானே?”

“எப்பவும்னு நான் எங்க சொன்னேன்? நான் இன்னா, அவன் காலைக் கட்டிக்கினா கீறேன்?”

கோர்ட்டே சிரித்தது. ரகுபதிக்கும் தமிழ் தெரியும். பதிவில் இருப்பதே சாட்சி என்று இருந்துவிட்டார். நான்? வாயே திறக்கவில்லை. சாட்சி பேச்சை மாற்றுகிறாள் என்று துரை எழுதிக்கொண்டார். மீதி விசாரணை வியாழக்கிழமை.

மார்ச் 10
தவக்காலம். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். அதனால் குலாமுக்கு என்ன பிரயோஜனம்?

மார்ச் 11
மனைவி பியாட்ரிஸிடம் சொன்னேன். “உங்க வேலை போயிடுமே” என்றாள். அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்து, “அவரு ஜெயிலுக்குப் போயிடுவாரே” என்றாள்.

மார்ச் 12, வியாழன்
சொல்லிவிட்டேன். தவறு சாட்சியுடையது அல்ல, என்னுடையது என்று. துரை பேனாவைக் கீழே வைத்தார். அவளை மறுபடி அழைத்து, அந்தப் பத்தாவது நாள் அவன் எங்கே போவான் என்று கேட்கச் சொன்னார்.

“அல்லாவுக்குத்தான் தெரியும். பாக்காததை நான் எப்பிடி சொல்றது?”

என்ன பொம்பளை! ‘எப்பவும்’ என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால் அவன் தப்புவான் என்று தோன்றியிருக்காதா? சொல்லவில்லையே. நான் துரையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மடையன்.

மார்ச் 16
குலாம் விடுதலை. ஹாஜிரா பீ எனக்கு சலாம் வைத்தாள். தலை நிமிரவில்லை எனக்கு.

ஏப்ரல் 7, செவ்வாய்
என்னைப் பற்றித் துரை மேலிடத்துக்கு எழுதிய குறிப்பைத் தலைமைக் குமாஸ்தா காட்டினார். ‘இவருடைய மொழிபெயர்ப்பு, ஆஸ் எ ரூல், சரியானது. தவறினால் இவரே சொல்லிவிடுவார்.’ வேலை நிரந்தரம்.

பியாட்ரிஸுக்குத்தான் குறை. “எப்பவும் சரின்னு எழுதினா இன்னாவாம்?”

எனக்கு இதுவே போதும்.