மூளிக் காதுக்காரி

1979 ஜூன் 4

டவுன் பஸ்ஸில் ஒருத்தியின் கூடை என் இடது காதில் மாட்டிக்கொண்டது. அவள் இறங்கப் போனாள், காதும் கூடவே இறங்கப் போனது. "ஆத்தா, டிக்கெட்டு எடுத்தது நானு. காத மட்டும் எங்க கூட்டிட்டுப் போற?" என்று கேட்டேன். பஸ்ஸே சிரித்தது. மகள் பாண்டியம்மாள் மட்டும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தோள் வரை தொங்குகிற காது. சின்னப் பிள்ளையில் அம்மா துளை போட்டு, கனம் மாட்டி வடித்துவிட்டது. இதில் கனத்த தங்கத் தண்டட்டி ஆட நடந்தால் அன்றைக்கு மரியாதை, இன்றைக்குக் கண்டக்டருக்கு வேடிக்கை. ஆவணியில் பாண்டியம்மாளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அவனியாபுரம், ஆபீசில் கிளார்க். போட்டோவெல்லாம் எடுப்பார்களாம். மகள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

ஜூன் 9

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் தொங்குகிற காதை வெட்டி, குட்டையாக்கித் தைக்கிறார்களாம். அப்புறம் எல்லாரையும் போலக் கம்மல் போடலாமாம். வீட்டுக்காரர் மொக்கையனிடம் கேட்டேன். "தைக்கிறதுதான் தைக்கிறாங்க, அப்படியே வாயிலயும் ரெண்டு தையல் போடச் சொல்லு" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 18

ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் மேலூர் முத்திருளன். கல் உடைக்கும்போது சில்லு தெறித்து மூக்கு போய்விட்டது. நெற்றித் தோலை மடக்கி மூக்கு செய்து வைத்திருக்கிறார்கள். டாக்டரிடம் கேட்கப் பயந்து என்னிடம் கேட்டான்: "யக்கா, இது நெத்தித் தோலு. தலவலி வந்தா மூக்கும் வலிக்குமா?"

"வலிக்கிறது இருக்கட்டும், இனிமே திருநீற மூக்குலயும் சேத்துப் பூசணும்" என்றேன். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை, சரி என்று தலையாட்டினான்.

என் முறை வந்தது. டாக்டர் என் காதைப் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்ற படிக்கிற பையன்களுக்கு இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். காது என்னுடையது, பாடம் அவர்களுக்கு. பிறகு என் பக்கம் திரும்பி, "லோக்கல் குடுத்து லோப் ரிப்பேர் பண்ணிரலாம், போஸ்ட் ஆப்ல வெயிட் கூடவே கூடாது, பியர்சிங் த்ரீ மன்த்ஸ் கழிச்சுதான். புரிஞ்சுதா?" என்றார்.

தலையாட்டினேன். போலீஸ்காரர், தாசில்தார், டாக்டர் மூவரிடமும் தலையாட்டினால்தான் சீக்கிரம் விடுவார்கள்.

ஜூன் 21

வெட்டித் தைத்தாயிற்று. ஊசி போட்டதும் காது இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நர்ஸ் தெரசா கட்டுப் போட்டு, மூணு மாசத்துக்குக் காதில் ஒன்றும் போடக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள்.

ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். நாத்தனார் முத்துத்தாய் என் காதைப் பார்த்தாள். தண்டட்டி இல்லை. புருஷன் உயிரோடு இருக்கிற பொம்பளை மூளிக் காதோடு வரலாமா? அந்த இடத்திலேயே மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்துவிட்டாள். நாலு பேர் கூடினார்கள். செத்தது யார் என்று பார்க்க, டீக்கடையிலிருந்து வீட்டுக்காரரும் ஓடி வந்தார். செத்தது அவர்தான்.

ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

ஜூன் 28

தையல் பிரித்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். யாரோ டீச்சரம்மா மாதிரி இருந்தது.

ஜூன் 30

நாளை பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். வெறும் காதோடு அவர்கள் முன்னால் நின்றால் மொக்கையன் உயிரோடு இருக்கும்போதே படத்துக்கு மாலை போட்ட மாதிரி என்று முத்துத்தாய் ஆரம்பித்தாள். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள்.

"காதுல போடக் கூடாதுன்னுதான மதினி அந்தம்மா சொல்லுச்சு? காதுக்கு மேல கட்டுனா அவகளுக்கு என்ன?"

வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள். தண்டட்டியைக் கறுப்பு நூலில் கோத்துக் காதைச் சுற்றி மேலே கட்டி, நூலை முடியால் மறைத்துவிட்டாள். ஓட்டையே இல்லாத காதில் இம்புட்டு கனம் தொங்குகிறது. தெரசா சொன்னதை மீறவும் இல்லை.

ஜூலை 1

பரிசம் நன்றாக நடந்தது. தாம்பாளத்தோடு குனிந்து நிமிர்ந்த நேரமெல்லாம் தண்டட்டி ஆடியது. சம்பந்தி ஒச்சாயி முந்தானையைக் காதுவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டவுன்காரர்கள், வெயில் தாங்காது போல.

வலது காது விண்ணென்று தெறிக்கிறது.

ஜூலை 4

நூல் நழுவித் தைத்த இடத்திலேயே இறங்கிருச்சு. புதுத் தோலு. அறுத்துருச்சு. சீழு. தலகாணி ஓரமெல்லாம் நனைஞ்சு கெடக்கு. முத்துத்தாய் மஞ்சள அரைச்சு அப்பிட்டா, முட்டை தின்னா சீழு வைக்கும்னு அதையும் நிறுத்திட்டா. எனக்குப் புத்தி எங்க போச்சு? யாரப் பாத்தாலும் கேலி பண்ணத் தெரியுதுல்ல, ஒரு வார்த்தை கேக்கத் தெரியல. பாண்டியம்மா அழுகுறா. நான் அவளுக்காகத்தான பண்ணேன் — இல்ல, எனக்காகத்தான்.

ஜூலை 6

தெரசாவுக்கு வந்த கோபத்தில் பஞ்சு கீழே விழுந்தது. "சொன்னேன்ல? நீங்களும் தலையாட்டுனீங்கள்ல?"

"காதுல ஒண்ணும் போடலயேம்மா. மேலதான் கட்டுனேன்" என்றேன்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இன்னும் ஒரு தடவதான் தைக்கலாம். அதுவும் பிஞ்சா, தைக்கிறதுக்குச் சதை இருக்காது. காது கிழிஞ்சு ரெண்டு வாராத்தான் தொங்கும்" என்றார். அது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. சீழ் வற்றட்டும், அடுத்த மாதம் வா என்றார். முட்டை தினமும் சாப்பிடச் சொன்னார்.

வெளியே முத்திருளன். மூக்கில் கட்டு. ஆறாத தையல் மேல் தினம் திருநீறு பூசியிருக்கிறான். "நீங்கதான யக்கா சொன்னீங்க" என்றான். டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தை அவனுக்கு நினைவில்லை, நான் கேலிக்குச் சொன்னது வேதவாக்கு. அவன் கையைப் பிடித்துத் தெரசாவிடம் கூட்டிப் போனேன். என்ன பூசலாம், என்ன கூடாது என்று அவன் சார்பில் நானே கேட்டேன்.

ஆகஸ்ட் 9

மறுபடி தைத்தார்கள். கல்யாணத்துக்கு மூளிக் காதுதான்.

செப்டம்பர் 6

கல்யாணம் முடிந்தது.

மணவறைக்கு முன்னால் வெறும் காதோடு நின்றேன். முத்துத்தாய் நூலும் கையுமாகக் காலையிலிருந்தே சுற்றி வந்தாள். கிட்டே விடவில்லை. பந்தலில் குசுகுசு என்று பேச்சு. மாப்பிள்ளை வகையில் ஒரு பெரியவர், பொண்ணுக்கு அப்பா இல்லையோ என்று பக்கத்து ஆளிடம் கேட்டார். பக்கத்து ஆள் என் வீட்டுக்காரர்.

"நாந்தேன் அவ அப்பன். சந்தேகமா இருந்தா கிள்ளிப் பாருங்க" என்று கையை நீட்டினார். அப்புறம் என் பக்கத்தில் வந்து நின்று, போட்டோ முடிகிறவரை நகரவில்லை.

பந்தி முடிந்ததும் சம்பந்தி ஒச்சாயி என்னைச் சமையல்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு முந்தானையை விலக்கினார். என் பழைய காதைவிட நீளமான காது. காதை மடித்துக் கொண்டைக்குள் செருகி வைத்திருக்கிறார்.

"மகன் வேலைக்குப் போன நாள்லேருந்து இப்படித்தான். வெட்டும்போது ரொம்ப வலிக்குமா சம்பந்தி?"

டிசம்பர் 10

சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் முதலில் என் கம்மலைத் திருகிப் பார்த்து, நல்லாயிருக்கு என்றார். பிறகு சம்பந்தியின் காதைப் பிடித்துக்கொண்டு, லோக்கல், லோப், போஸ்ட் ஆப் என்று கடகடவென்று ஒப்பித்தார். சம்பந்தி தலையாட்டினார். நான் அவர் மோவாயைப் பிடித்து நிறுத்தினேன்.

"புரியலங்கய்யா. இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னார். அதுவும் புரியவில்லை என்றேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூணாவது தடவை சொன்னார்.

இந்தத் தடவை தமிழில் சொன்னார்.