உங்கள் பகுதியைத் தமிழாக்க மாட்டேன்

அண்ணை,

இன்று பின்னேரம் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில் ஒத்திகைக்கு நின்றபோது, தயாபரன் கோடாலித் தைலப் போத்தலைத் திறந்து முழங்காலில் பூசினான். அந்த மணம் வந்ததும் நான் திரும்பி உங்களைத்தான் தேடினேன். கேப் டவுனுக்கு அருகே பிறந்து ஆபிரிக்கான்ஸ் மொழி மேடையில் வளர்ந்த ஒரு நடிகரை ஸ்காபரோத் தமிழ்க் கடையில் கோடாலித் தைலம் வாங்க வைத்தவள் நான். கடைசியில் என்னைவிட நீங்கள்தான் அதைக் கூடுதலாகப் பூசினீர்கள். நீங்கள் போய் ஒரு குளிர்காலம் முழுதாகக் கழிந்துவிட்டது.

தயாபரன் நல்ல நடிகன். அவனில் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் சிவநேசன் அண்ணையில். தமிழ் விழாக் குழுவின் செயலாளர் இன்னும் அவர்தான். உங்கள் நினைவாக நம் நாடகத்தை மறுபடி போட வேண்டும் என்று கேட்டார். நான் ஓம் என்ற பிறகு மெல்ல ஒரு நிபந்தனையை அவிழ்த்து விட்டார். உங்கள் பகுதியைத் தமிழாக்கித் தயாபரன் பேச வேண்டுமாம். "சனத்துக்கு விளங்க வேணும், தங்கச்சி" என்றார். இன்றைக்கு என் பதில் வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். உங்களை நினைவுகூர உங்கள் மொழியை வெளியே எடுத்துவிட வேண்டும். இதைக் கேட்டு நீங்கள் சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாம் முதன்முதலில் சந்தித்தது புருஷன் பெண்சாதியாகத்தான். ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு இந்தியத் தம்பதி தேவைப்பட்டது. நான் யாழ்ப்பாணம், நீங்கள் தென்னாபிரிக்கா. தோலின் நிறம் பொருந்தியது, அவர்களுக்கு அது காணும். பொலிஸ் வந்து கதவைத் தட்டும்வரை நாம் சண்டை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் பாஷையில் ஏதாவது பேசுங்கள் என்றார் இயக்குநர். அடுப்பை ஏன் நிற்பாட்டவில்லை என்று நான் தமிழில் தொடங்கினேன். நீங்கள் தொண்டைக்குள்ளிருந்து கரகரவென்று எதையோ எடுத்து எறிந்தீர்கள். ஆபிரிக்கான்ஸ். அந்தத் தளத்தில் நின்ற ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இயக்குநர் கை தட்டினார். அது ஒளிபரப்பான அன்று அஜக்ஸ் நகரிலிருந்து என் தங்கை போன் எடுத்து, "அக்கா, உந்த மனுசன் என்ன பாஷை கதைக்கிறார்? சிங்களமோ?" என்று கேட்டாள்.

இடைவேளையில் உங்களை அண்ணை என்று கூப்பிட்டேன். அதன் அர்த்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "புருஷனை அப்பிடிக் கூப்பிடலாமோ?" என்றீர்கள். "கமரா ஓடேக்கை மட்டும்தான் நீங்கள் புருஷன்" என்றேன். நாம் பேசியது ஆங்கிலத்தில். ஆனால் எனக்குள்ளே நீங்கள் யாழ்ப்பாணத்து ஆள் மாதிரித்தான் கதைக்கிறீர்கள். அந்த ஆங்கிலத்தை நான் எப்படியும் மாற்றுவேன். அது நம் இருவருக்கும் சொந்தமில்லாத சாமான்.

உங்கள் கதையைத் துண்டு துண்டாகத்தான் சொன்னீர்கள். உங்கள் தாய்மொழியில் நாடகங்கள் நடந்த பெரிய அரங்குகளில் உங்கள் நிறத்தவர் ஏற முடியாத காலத்தில், பள்ளிக்கூட மண்டபங்களிலும் தேவாலயங்களிலும் அதே மொழியில் நடித்தீர்கள். சட்டம் மாறியது. ஒரு பெரிய அரங்குக்குள் முதல்தடவை முன்வாசலால் போன அன்று நீங்கள் அரசனாக நடித்தீர்களாம். பிறகு சில படங்கள். அதன் பிறகு வருடக்கணக்காக ஓடிய தொடர் ஒன்றில் பஸ் சாரதி வேடம். தெருவில் போனால் பிள்ளைகள் உங்களைச் சாரதியின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுமாம். மகளோடு ரொறன்ரோ வந்தீர்கள். இங்கே கிடைத்த வேடங்கள் மெக்சிக்கோக்காரர், அரபுக் கடைக்காரர், டாக்சி ஓட்டுநர், ஒருதடவை இந்துக் குருக்கள். பூணூல் எந்தத் தோளில் என்று அதற்கு என்னிடம்தான் கேட்டீர்கள்.

உங்கள் தாய்மொழி எது என்று சொன்னதும் ஆட்கள் முழிப்பார்கள். அது வெள்ளையர்களின் மொழி அல்லவா என்பார்கள். நானும் கேட்டேன். அன்று கோப்பிக்கடையில் நீங்கள் கோப்பையைக் கீழே வைத்த வேகம் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. "அது குசினியிலை பிறந்த பாஷை. எங்கடை குசினியிலை. அவை சாப்பிட வந்து, தங்கடை எண்டு சொல்லிப்போட்டினம்" என்றீர்கள்.

அதற்குப் பிறகுதான் ஒரு படத்துக்கு அழைப்பு வந்தது. தென்னாபிரிக்கப் பண்ணைக்காரர் ஒருவரைப் பற்றியது, முக்கால்வாசி ஆபிரிக்கான்ஸில். ரொறன்ரோவில் இத்தனை வருடம் இருந்து உங்கள் மொழியில் ஒரு வேடம் வந்தது அது ஒன்றுதான். தலைமயிரை ஒட்ட வெட்டிக்கொண்டு போனீர்கள். வேடத்துக்கு ஏற்கெனவே ஒரு கனடியரைப் பிடித்துவிட்டார்கள், நீங்கள் அவருக்கு உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார்கள். நீங்கள் அந்த வேடத்துக்குரிய ஆள் மாதிரித் தெரியவில்லையாம். திரும்பி வந்து என்னிடம் ஒரு வசனம்தான் சொன்னீர்கள்: "என்ரை நாக்கை நான் வாடகைக்கு விடுறேல்லை."

எனக்குப் பற்றி எரிந்தது. அந்தக் கோபத்தில்தான் நாடகத்தை எழுதினேன். ஆங்கிலம் பேசியே முப்பது வருடம் குடும்பம் நடத்திய ஒரு கிழட்டுத் தம்பதி. வயது போக இருவருக்கும் ஆங்கிலம் மறந்து போகிறது. அவளிடம் தமிழ் மட்டும் மிச்சம், அவரிடம் ஆபிரிக்கான்ஸ் மட்டும் மிச்சம். ஆனாலும் ஒரே வீட்டில் சமைத்து, சண்டை பிடித்து, சமாதானமாகி வாழ வேண்டும். உங்கள் வசனங்களை நீங்களே எழுதினீர்கள். ஒவ்வொன்றாக எனக்கு அர்த்தம் சொன்னீர்கள். உங்கள் வசனம் எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் என்னுடையதைத் தொடங்கலாம் என்பதால் எல்லாவற்றையும் நான் பாடமாக்கினேன்.

தமிழ் விழாவில் வேறு பாஷையா என்று சிவநேசன் அண்ணை அப்போதே குதித்தார். ஆளை ஊமையாக்கி நடியுங்கோ என்று யோசனையும் சொன்னார். நான் அதை உங்களுக்கு மொழிபெயர்த்தேன். "எங்கடை ஊரிலை என்னைப் பின்வாசலாலை வரச் சொன்னவை. வாயை மூடச் சொல்லேல்லை" என்றீர்கள். உங்களை விலக்கினால் என்னையும் விலக்க வேண்டும் என்று நான் கத்தியதில் மனிசன் வேறு வழியில்லாமல் சம்மதித்தார்.

விழாவன்று நாடகம் பாதியில் நின்றது. யூனியன்வில்லில் வீடு விற்கும் முகவர் ஒருவர் விழாவுக்கு அனுசரணை கொடுத்திருந்தார். அவருக்கு வேறொரு நிகழ்ச்சிக்கு ஓட வேண்டுமாம். காட்சி நடந்துகொண்டிருக்க, சிவநேசன் அண்ணை ஒலிவாங்கியும் பொன்னாடையுமாக மேடைக்கு ஏறி, "மன்னிக்க வேணும், ஒரு சின்னக் கௌரவிப்பு" என்றார். நம் சனத்துக்கு அது புதிதில்லை. கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக் கன்ரீனுக்குப் போக ஆயத்தமானார்கள். எனக்குச் செத்துப் போகலாம் போல இருந்தது. நீங்கள் கதிரையை விட்டு மெதுவாக எழுந்தீர்கள். கிழவனாகவே எழுந்தீர்கள். யாரோ அந்நியன் உங்கள் வீட்டுக்குள் வந்து நிற்கிறான். ஆபிரிக்கான்ஸில் ஏதோ கேட்டபடி சிவநேசன் அண்ணையின் காலைக் காட்டினீர்கள். பளபளவென்ற கறுப்புச் சப்பாத்து. பிறகு வாசலைக் காட்டினீர்கள். மண்டபம் அதிர்ந்தது, அண்ணை. வீட்டுக்குள் சப்பாத்தோடு வந்தவனை அதட்டும் குரல் எந்தப் பாஷையில் வந்தாலும் நம் ஆட்களுக்குத் தெரியும். சிவநேசன் அண்ணை பழக்கதோஷத்தில் ஒரு சப்பாத்தைக் கழற்றியும் விட்டார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து போனார். அதற்குப் பிறகு நாடகம் முடியும்வரை ஒரு கதிரையும் அசையவில்லை.

இன்றைக்கு ஒத்திகை பார்க்க வந்த அவரிடம் ஏலாது என்று சொன்னேன்.

"கிழவனும் கிழவியும் தமிழ் கதைச்சா அவையளுக்குள்ளை என்ன கரைச்சல்? பிறகு நாடகம் எங்கை, அண்ணை?"

"சனத்துக்கு விளங்காதெல்லோ."

"அண்டைக்கு உங்களுக்கு விளங்கினதுதானே. இல்லாட்டி ஏன் சப்பாத்தைக் கழட்டினனீங்கள்?"

தயாபரன் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தான். சிவநேசன் அண்ணைக்கு முகம் கறுத்தது. "அப்ப அவரின்ரை பகுதியை ஆர் செய்யிறது? ஸ்காபரோ முழுக்கத் தேடினாலும் உந்தப் பாஷை தெரிஞ்ச ஆள் கிடைக்குமோ?"

"தயாபரன் செய்வான். நான் சொல்லிக் குடுப்பன்."

"உமக்குத் தெரியுமோ?"

"அவரின்ரை பகுதி முழுக்க எனக்குப் பாடம்."

நீங்கள் மறுத்த வேலையைத்தான் நான் செய்யப் போகிறேன் என்பது எனக்குத் தெரியும். உங்கள் வேடத்தை இன்னொருவனுக்குக் கொடுத்து, உங்கள் உச்சரிப்பையும் அவன் வாயில் வைக்கப் போகிறேன். அந்தப் படக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். கேளுங்கள். அவர்கள் நீங்கள் உயிரோடு முன்னால் நிற்கும்போதே நீங்கள் வேண்டாம் என்றார்கள். எனக்கு நீங்கள்தான் வேண்டும், நீங்கள் இல்லை. வசனம் மட்டும் என்னிடம் இருக்கிறது. பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அது என் வாயில் தானாக ஓடுகிறது. அதை நான் மட்டும் வைத்திருந்து என்னோடு கொண்டுபோக மாட்டேன். உங்களுக்கு இது பிடிக்காவிட்டால் கோபியுங்கள், அண்ணை. உங்கள் கோபத்துக்கும் நான் பயப்படப் போவதில்லை.

முதல் காட்சியில் தொடங்கினோம். மனைவி குசினிக்குள் நின்று, எங்கை போயிட்டீங்கள் என்று கூப்பிடுகிறாள். கிழவர் கதிரையில் இருந்தபடி, நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்கிறார். எக் இஸ் நொக் ஹீர். தயாபரன் சொன்னான். நொக் என்பது நாக்கிலேயே நின்றுவிட்டது. "தொண்டையிலை இருந்து எடு, தம்பி" என்றேன். மறுபடி சொன்னான், காறியதுபோல வந்தது. இன்னும் ஒருதடவை சொல்ல வைத்தேன். உங்களுடையது மாதிரி வரவில்லை. யாழ்ப்பாணத்துத் தொண்டை, எனக்கும் அவனுக்கும் அவ்வளவுதான் முடியும். ஆனால் சத்தமாக, மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை கேட்கும்படி வந்தது.

கதவடியில் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்த சிவநேசன் அண்ணை நின்று திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொல்லுறான்?"

"விழாவுக்கு வாங்கோ. விளங்கும்" என்றேன்.