ஊரே அழுத விளம்பரம்

ஹடர்ஸ்ஃபீல்ட்,
ஜனவரி 15, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் லிண்ட்சிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் கிரெய்கும் குழந்தை நான்சியும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெர்த்தில் நாற்பது டிகிரி வெயில் என்று செய்தியில் சொன்னார்கள். குழந்தையைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே. இங்கே ஒரு வாரமாக மழை. முழங்கால் வலியைத் தவிர எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் அட்டை கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்தது. நாலு வருஷம் கழித்து உன் கையெழுத்தைப் பார்க்கிறேன் என்பதால், உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே இரண்டே வரி. "அம்மா சாகக் கிடக்கிறாள் என்று எனக்குச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. ஒரு கடைக்குச் சொல்ல மட்டும் வந்ததா?"

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. நாலு தடவை எழுதி நாலையும் கிழித்துப் போட்டேன். படித்துப் பார்த்தால் நாலிலும் நான் நல்லவனாகவே இருந்தேன். இதைக் கிழிக்கப் போவதில்லை. எப்படி வருகிறதோ அப்படியே தபாலில் சேர்க்கிறேன்.

போன மார்ச்சில் லண்டனிலிருந்து விளம்பரக் கம்பெனிக்காரர்கள் எங்கள் ஸ்கோபீஸ் கடையின் எல்லாக் கிளைகளுக்கும் வந்தார்கள். இந்தத் தடவை கிறிஸ்துமஸ் விளம்பரம் கடை ஆட்களின் சொந்தக் கதையிலிருந்துதான் பிறக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம். எங்கள் கிளைக்கு இமோஜென் என்ற பெண் வந்தாள். உன் வயசுதான் இருக்கும். கேன்டீனில் எதிரே உட்கார்ந்து, கிறிஸ்துமஸ் அன்று நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள். அதுதான் வினையாகப் போயிற்று. திரைச்சீலைப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் நின்றவன் நான். என்னிடம் எல்லோரும் ஜன்னல் அகலத்தைத்தான் கேட்பார்கள். கேட்டுவிட்டுக் காத்திருந்தது அவள் ஒருத்திதான்.

சொல்லிவிட்டேன். அம்மா போன பிறகு கிறிஸ்துமஸ் மத்தியானம் நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன் என்றும், அம்மாவின் நாற்காலியில் அவளுடைய பச்சைக் கம்பளிச் சட்டை இன்னும் தொங்குகிறது என்றும், மகள் தூர தேசத்தில் இருக்கிறாள் என்றும் சொன்னேன். பிறகு கிராக்கர் விஷயத்தையும் சொன்னேன். அந்தக் காகிதக் குழலை இழுத்து வெடிக்க ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் வேண்டும். எனக்கு ஆள் இல்லை. ஒரு முனையை வாசல் கதவின் கைப்பிடியில் கட்டிவிட்டு மறுமுனையை இழுத்தேன். படக்கென்று வெடித்துக் காகிதத் தொப்பி கீழே விழுந்தது. எடுத்து மாட்டிக்கொண்டேன். உள்ளே இருந்த மட்டமான ஜோக்கை அம்மாவின் நாற்காலிக்குப் படித்தும் காட்டினேன். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், லிண்ட்சி. அந்தப் பெண் சிரிக்கவில்லை. குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

ஜூலையில் கடிதம் வந்தது. என் கதையைத்தான் தேர்ந்தெடுத்தார்களாம், நானே நடிக்க வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று உண்மையைச் சொல்கிறேன். நீ பார்ப்பாய் என்று நினைத்தேன். என் கடிதங்களைத்தான் நீ பிரிப்பதில்லை, டிவியை எப்படிப் பிரிக்காமல் இருப்பாய் என்று ஒரு கணக்கு. டோரின் சித்தியாவது உனக்கு அனுப்புவாள் என்று எதிர்பார்த்தேன். எட்டு மில்லியன் பவுண்டு செலவில் மகளைக் கூப்பிட்டவன் இந்த நாட்டில் நான் ஒருவன்தான்.

ஆகஸ்ட் மாதம், லீட்ஸ் பக்கம் ஒரு வீட்டில் எடுத்தார்கள். வெளியே மண்டை பிளக்கிற வெயில், ஜன்னலுக்கு மேலே காகிதப் பனி. எனக்கு இரண்டு சட்டைக்கு மேல் ஸ்வெட்டர். கதை உனக்குத் தெரியும். கிழவன் கிராக்கரைக் கதவில் கட்டி இழுக்கிறான், இழுத்த வேகத்தில் கதவு திறக்கிறது, பெட்டியோடு மகள் நிற்கிறாள். அந்தத் திருப்பம் அவர்கள் வைத்தது. பேச்சே வேண்டாம், பேசினால் சனங்களுக்கு அழுகை வராது என்று டைரக்டர் சொல்லிவிட்டார்.

மகளாக நடித்த பெண் ஹாலி. நல்ல பிள்ளை. "அங்கிள், உங்க பொண்ணு எப்படிக் கட்டிப்பிடிப்பாங்க?" என்று கேட்டாள். நீ தோளில் நெற்றியால் ஒரு முட்டு முட்டிவிட்டுத்தான் கட்டிக்கொள்வாய் என்று சொன்னேன். அதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். ஊரார் பிள்ளை ஒருத்தி உன்னைப் போலவே முட்டுவதைப் பார்த்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பத்தொன்பது தடவை கதவைத் திறந்தேன். வெளியே நிற்பது ஹாலிதான் என்று தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் திறக்கிற அந்த ஒரு நொடி நெஞ்சு ஏமாந்தது. பத்தொன்பதாவது தடவை என்னால் முடியவில்லை. "ஐயா, இப்பவே அழாதீங்க, கட்டிப்பிடிச்சப்புறம் அழுங்க" என்று டைரக்டர் கத்தினார். பிறகு அதையே வைத்துக்கொண்டார். நீ பார்த்தது அந்தப் பத்தொன்பதாவதுதான்.

நவம்பரில் விளம்பரம் வந்தது. ஊரே அழுதது. பேப்பரில் என் படம், பஸ்ஸில் என் மூஞ்சி. முதலாளி அலிஸ்டர் ஸ்கோபியே கிளைக்கு வந்து என் கையைக் குலுக்கினார். "பதினோரு மில்லியன் பேர் பார்த்துட்டாங்க, கீத்!" என்றார். அழகு சாதனப் பிரிவு பிரெண்டாவைத்தான் உனக்குத் தெரியுமே, யாராக இருந்தாலும் வாய்க்குப் பூட்டு கிடையாது. "பார்த்தாங்க சார், ஒருத்தராச்சும் உள்ள வந்தாங்களா? அந்தக் காசுல பாதியக் குடுத்திருந்தா கூரை ஒழுகறதையாவது அடைச்சிருக்கலாம். திரைச்சீலை பிரிவுல நாலு வருஷமா வாளி நிக்குது" என்றாள். அவர் சிரித்தார். நல்ல மனிதர்தான். மனசைத் தொட்டால் கடைக்கு வருவார்கள் என்று உண்மையாகவே நம்பினார்.

சனங்கள் வரவில்லை. வந்தவர்களும் என்னைப் பார்க்க வந்தவர்கள். டிசம்பரில் ஒரு நாள் ஒரு அம்மாள் திரைச்சீலைகளுக்கு நடுவே ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவளுடைய அம்மாவும் அந்த வருஷம்தான் போனாளாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க விளம்பரத்தப் பார்த்த உடனே என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன், இந்த வருஷம் எல்லாமே இவங்ககிட்டதான் வாங்கணும்னு" என்று பைகளைத் தூக்கிக் காட்டினாள். நாலு பை. நாலிலும் எதிர்ச் சாரியில் இருக்கிற அந்தப் பெரிய லண்டன் கடையின் பெயர். கிறிஸ்துமஸ் விளம்பரம் என்றாலே நாட்டுக்கு அந்தக் கடைதான் ஞாபகம் வருகிறது. நல்லா இரும்மா என்று சொல்லி அனுப்பினேன்.

அப்புறம் எண்ணிப் பார்த்தால் பாதிப் பேர் அப்படித்தான். எங்கள் கடைப் பெயர் கடைசி இரண்டு நொடிதான் திரையில் வருமாம். "அந்த ரெண்டு நொடியும் நாடே கண்ணத் தொடைச்சுக்கிட்டு இருந்துச்சு, எவன் படிச்சான்? அழ வெச்சது நாம, கல்லா நெறைஞ்சது அவனுக்கு" என்று பிரெண்டா கேன்டீனில் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அதுதான் நாங்கள் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது.

போன திங்கட்கிழமை அறிவித்துவிட்டார்கள். இருபத்தேழு கிளைகளை மூடுகிறார்கள், எங்களுடையதும் ஒன்று. விளம்பரம் இல்லாவிட்டாலும் மூடித்தான் இருப்பார்கள், கடை ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருந்தது என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் வாசலில் என் படம் ஆளுயரத்துக்கு நிற்கிறது, சிரித்த முகம், தலையில் காகிதத் தொப்பி. அதற்குப் பக்கத்திலேயே "கடை மூடுகிறோம், எல்லாம் பாதி விலை" என்று சிவப்புத் துணி. பிரெண்டாவுக்குக் கணவன் படுக்கையில். அவள் என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. "உம்மேல என்ன கண்ணு தப்பு, நீ உள்ளதத்தானே சொன்னே" என்றாள்.

அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை, லிண்ட்சி. நான் உள்ளதைச் சொல்லவில்லை.

உனக்கு ஏற்கெனவே இரண்டு கரு நழுவி, அப்புறம் தங்கிய குழந்தை நான்சி. அப்போது உனக்கு மூன்றாம் மாதம், விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள், நீ குழந்தை பெறும்வரை உனக்கு நோயைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று. இதுவரை நான் உனக்குச் சொன்னது இவ்வளவுதான். அம்மா போன அன்று போனில் நீ என்னைக் கேட்டாய், கடைசியில் அம்மா உன்னைக் கேட்டாளா என்று. இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றேன். ஐந்து மாதம் மறைத்துவிட்டீர்களே என்று கத்திவிட்டுப் போனை வைத்தாய். அதற்கப்புறம் நீ பேசவில்லை. அம்மாவின் விருப்பம் அது, நான் என்ன செய்வேன் என்று சித்தியிடமும் அக்கம்பக்கத்திலும் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

பொய். அம்மா மனசை மாற்றிக்கொண்டாள். கடைசி மூன்று நாளும் உன்னைக் கேட்டாள். "போனைப் போடு கீத், அவ கொரலக் கேக்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நான் போடவில்லை. போட்டால் நீ எட்டு மாத வயிற்றோடு அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். ஏறி, நடுவானில் ஏதாவது ஆகிவிட்டால்? ஒரே வாரத்தில் மூன்று பேரையும் இழந்துவிடுவேன் என்று பயந்தேன். அதனால் அவளிடம், "லிண்ட்சி கெளம்பிட்டா கண்ணு, வந்துகிட்டே இருக்கா" என்று சொன்னேன். அவள் நம்பினாள். நர்ஸ் உள்ளே வரும்போதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில், "சிங்கப்பூர் தாண்டிட்டாளா?" என்று கேட்டாள். "தாண்டிட்டா" என்றேன். மத்தியானம் போய்விட்டாள்.

சத்தியம் அவளுடையது, முதலில். அதை அவளே விடுவித்த பிறகும் காப்பாற்றியது நான். யாரையும் கேட்காமல், உனக்காக நானே முடிவு செய்தேன். செய்தது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் உன்னிடம் சொல்லாமல் இருந்தது தப்பு. அந்த விளம்பரத்தில் கிழவன் வாயே திறக்க வேண்டியதில்லை, மகள் வந்து கட்டிக்கொள்கிறாள். அந்தக் கிழவனைப் பார்த்துத்தான் நாடு அழுதது. நீ மட்டும்தான் சரியாகப் பார்த்தாய்.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. இங்கே வா என்றும் கூப்பிடவில்லை. மார்ச் கடைசியில் கடை மூடிவிடும், அதற்கப்புறம் நான் எல்லா நாளும் வீட்டில்தான். திட்ட வேண்டும் என்று தோன்றினால் கூப்பிடு. எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொள்கிறேன், நடுவில் பேசமாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான்சி வளர்ந்து பாட்டியைப் பற்றிக் கேட்டால், பாட்டி கடைசி மூச்சுவரை உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று அவளுக்குச் சொல்லு. என்னைப் பற்றி நீ என்ன சொன்னாலும் அது சரியாகத்தான் இருக்கும்.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

உன் அப்பா,
கீத்